தண்ணி டிரம்முக்குள் டார்ச் அடிக்கும் மாநகராட்சி

எங்கள் பிளாக்குக்கு வாரம் ஒருமுறை மாநகராட்சியிலிருந்து ஒரு அக்கா வருவார். கொசுப்புழு பார்க்கிற வேலை. கதவைத் தட்டி, "டிரம்மைத் தொறங்கம்மா" என்பார். மூடியைத் தூக்கி உள்ளே டார்ச் அடிப்பார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தேங்குகிற தண்ணீர், மொட்டை மாடியில் கிடக்கிற டயர், தேங்காய் ஓடு, பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் பார்ப்பார். கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.

ஒரு வருஷத்து அட்டையை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். நாற்பது கையெழுத்துக்கு மேல் இருக்கும். என் அம்மா தூங்காமல் கிடந்ததும் அதே வருஷம்தான். நாற்பது தடவை இந்த நகரத்தின் அரசாங்கம் எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறது. எங்கள் தண்ணீரை அது நன்றாகவே பார்த்தது.

அந்த அக்காவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருக்குக் கொடுத்த வேலை அது. எனக்கு அந்த டார்ச்தான் மண்டைக்குள் நிற்கிறது. டெங்கு வந்தபிறகு ஆஸ்பத்திரியில் படுக்கை தேடுவதைவிட, வருவதற்கு முன்னால் வீடு வீடாகப் போவது நல்லது என்று மாநகராட்சிக்குத் தெரிந்திருக்கிறது. நோய்த்தடுப்பு என்றால் என்ன என்று அதற்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்படியானால் மனசு விஷயத்தில் மட்டும் ஏன் ஆள் விழுகிறவரை காத்திருக்கிறது?

எங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களில் பாதிப்பேருக்கு இது உங்கள் வீட்டுக் கதைதான். நகரத்துக்குள் ஆற்றங்கரையில் மூன்று தலைமுறையாக இருந்தவர்கள் நாங்கள். பிள்ளைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை நெருங்கும் நேரத்தில் லாரி வந்தது. புது வீடு குலுக்கல் முறையில். ஒரே தெருவில் இருந்தவர்கள் பத்து பிளாக்குக்குச் சிதறிப்போனோம். அம்மாவோடு முப்பது வருஷம் ஒரே குழாயடியில் குடம் வைத்த சிநேகிதி எங்கேயோ நான்காவது மாடிக்குப் போய்விட்டார். லிஃப்ட் ஓடினால் பார்க்கலாம். அம்மா வேலை செய்த மூன்று வீடும் முன்பு நடந்து போகிற தூரம். இப்போது இரண்டு பஸ். இரண்டு மாதத்தில் இரண்டு வீடு கைவிட்டுப் போனது. நோட்டில் எழுதிவைத்து அரிசி கொடுத்த கடைக்காரரும் இல்லை. கடன் கொடுக்கிற கடை என்பது கடை மட்டும் இல்லை, உன்னை நம்புகிற ஒரு ஆள். அது போனால் என்ன போகிறது என்று எந்தக் கணக்கெடுப்பிலும் எழுதுவதற்குக் கட்டம் இல்லை.

நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன்? மனு எழுதிக்கொண்டிருந்தேன். தண்ணீருக்கு மனு, பஸ்ஸுக்கு மனு, பள்ளிக்கூடத்துக்கு மனு. ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா வராந்தாவில் நடக்கிற சத்தம் கேட்கும். "ரொம்ப யோசனை பண்ணாதம்மா, வந்து படு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். காலையில் கூட்டத்தில் போய் மக்களின் வலியைப் பற்றிப் பேசுவேன். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒருநாள் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் நடப்பதுதான். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். குடியிருப்பின் பெயரைச் சொன்னதும் "அங்கேயா?" என்றார்கள். பத்து நாளைக்குத் தூக்க மாத்திரை. அதற்குமேல் ஒரு கேள்வியும் இல்லை. மனநல மருத்துவரைப் பார்க்கலாமா என்று அம்மாவிடம் கேட்டபோது அவர் சொன்னது: "என்னைக் கீழ்ப்பாக்கத்துல சேர்க்கப் போறியா?"

சென்னையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு ஊரின் பெயரே வசவாகிப்போன ஊர் அது. அந்த மனநல மருத்துவமனை தொடங்கப்பட்டது 1794இல். இருநூறு வருஷத்துக்கு மேலாக நம் மக்களுக்கு மனநலம் என்றால் ஒரு சுவர், ஒரு கேட். சேரியிலிருந்து வருகிறவருக்கு ஏற்கெனவே ஒரு பெயர் ஒட்டியிருக்கிறது. அதன்மேல் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று இன்னொன்றையும் ஒட்டிக்கொள்ள யார் சம்மதிப்பார்கள்?

அம்மாவை மீட்டது மாத்திரையும் இல்லை, நானும் இல்லை. மாடிப்படிக்குக் கீழே இட்லி விற்கிற ஒரு ஆயா. அவர் ஒருநாள் அம்மாவைப் பிடித்து உட்காரவைத்தார். "இன்னாமே, கண்ணு ரெண்டும் குழியாப் போச்சு. எல்லாத்தையும் சொல்லாத. ஒண்ணே ஒண்ணு சொல்லு. எது ரொம்பக் குத்துது?" அம்மா வீட்டைச் சொல்வார், வேலையைச் சொல்வார் என்று நினைத்தேன். சிநேகிதியைச் சொன்னார். மறுநாள் இட்லிப் பானையை இறக்கி வைத்துவிட்டு ஆயா அம்மாவை அழைத்துக்கொண்டு பிளாக் பிளாக்காகத் தேடிப்போனார். கண்டுபிடித்தார்கள். அந்த அம்மாவும் தூங்காமல்தான் இருந்திருக்கிறார். அதன்பிறகு வாரம் இரண்டு தடவை மூன்று பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து பேசுவார்கள். ஒரு மாதம் கழித்து அடுத்த பிரச்சினையை எடுத்தார்கள்: வேலை. ஒரே தடவையில் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் அம்மா தூங்க ஆரம்பித்தார்.

பல வருஷம் கழித்து ஜிம்பாப்வே நாட்டின் தலைநகரான ஹராரே பற்றி ஒரு கட்டுரை படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 2005இல் அந்த நாட்டு அரசு நகரங்களில் குடிசைகளையும் தெருக்கடைகளையும் இடித்துத் தள்ளியது. அந்த நடவடிக்கைக்கு அவர்கள் வைத்த பெயர் முரம்பட்ஸ்வினா. ஷோனா மொழியில் 'குப்பையை அகற்று' என்று பொருள். மனிதர்களைத்தான் சொன்னார்கள். சுமார் 7 லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ, இரண்டையுமோ இழந்தார்கள் என்று ஐ.நா. தூதரின் அறிக்கை சொன்னது. நம்மை நகரத்தின் அழுக்காகப் பார்ப்பது இந்த ஊரின் கண்டுபிடிப்பு இல்லை போலிருக்கிறது.

அந்த இடிப்புக்கு அடுத்த வருஷம், அதாவது 2006இல், அந்த நகரத்தின் ம்பாரே என்ற ஏழைப் பகுதியில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் ஒரு வேலையைத் தொடங்கினார். அவரிடம் வேறு மருத்துவர் இல்லை, செவிலியர் இல்லை, சுகாதார நிலையத்துக்குள் ஒரு அறைகூட இல்லை. இருந்தது 14 பாட்டிகள். நகர சுகாதாரத் துறையின் கீழ் ஏற்கெனவே வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த சமூக சுகாதாரப் பணியாளர்கள். நம் டார்ச் அக்கா மாதிரி. அறை இல்லாததால் வெளியே மரத்தடியில் ஒரு மரபெஞ்சைப் போட்டார்கள். முதலில் அதற்கு மனநல பெஞ்ச் என்று பெயர் வைத்தார்களாம். அந்தப் பெயரில் எவளும் வந்து உட்காரமாட்டாள் என்று பாட்டிகள்தான் சொல்லியிருக்கிறார்கள். நட்பு பெஞ்ச் ஆனது. கீழ்ப்பாக்கம் எல்லா ஊரிலும் உண்டு, பெயர்தான் வேறு.

அவர்கள் 'மனச்சோர்வு' என்ற ஆங்கில மருத்துவச் சொல்லைப் பிடித்துத் தொங்கவில்லை. குஃபுங்கிசிசா என்று ஷோனா மக்கள் சொல்வதையே எடுத்துக்கொண்டார்கள். அதற்கு அர்த்தம் என்ன தெரியுமா? ரொம்ப யோசனை பண்ணுவது. நான் அம்மாவிடம் பண்ணாதே என்று சொன்னேனே, அதேதான். அவர்கள் பண்ணாதே என்று சொல்லவில்லை, என்ன யோசனை என்று கேட்டார்கள். பதினான்கு எளிய கேள்விகள் கொண்ட ஒரு தாள். பிறகு பேச்சு. மனசைத் திறப்பது, கைதூக்கி விடுவது, உறுதியாக்குவது என்று மூன்று படி. எல்லாப் பிரச்சினையையும் கொட்டச் சொல்லி, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு அடுத்த வாரத்துக்குள் செய்யக்கூடிய ஒரு காரியத்தை அவரையே சொல்லவைப்பது. எங்கள் இட்லி ஆயாவுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஹராரேயில் 24 சுகாதார நிலையங்களில் 573 பேரை வைத்து முறையான பரிசோதனை நடத்தி, 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் பாதிப்பேருக்கு மனச்சோர்வின் அறிகுறி இருந்தது. பாட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் சுமார் 14 சதவீதத்தினருக்குத்தான் இருந்தது. பெஞ்சை விட்டு எழுந்தவர்களுக்காகப் பெண்கள் குழுக்களும் உண்டு. அங்கே பழைய பிளாஸ்டிக்கில் பை பின்னிக்கொண்டே பேசுவார்கள். கை சும்மா இருந்தால் வாய் வராது என்று நம் அம்மாக்களுக்கும் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு தோழர் என்னை நிறுத்தினார். ஒரு பயிற்சி முகாமில் இதையெல்லாம் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து, "அண்ணா, புல்டோசர் விடுகிறவனே பெஞ்சும் போடட்டும் என்கிறீர்களா? வீட்டை இடித்துவிட்டு, வா உட்கார்ந்து பேசலாம் என்றால் அது மனநலமா, மயக்க ஊசியா?" என்று கேட்டார். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். நியாயமான கேள்வி. ரோகித் வேமுலா 2016இல் இறந்தபோது, அது தற்கொலை இல்லை, நிறுவனப் படுகொலை என்று நாம் தெருவில் நின்று சொன்னோம். சாதியை ஒரு தனிமனிதரின் மூளைக் கோளாறாகச் சுருக்குவதற்கு நாமே வழிவிடக் கூடாது.

ஆனால் அந்த முகாமுக்கு நான்கு மாதத்துக்கு முன்னால் நடந்ததைக் கைதட்டியவர்களிடம் நான் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். எங்கள் மாலைநேரப் பாடசாலைக்கு வந்துகொண்டிருந்த ஒரு தம்பி. கல்லூரி இரண்டாம் வருஷம். கணக்கில் கெட்டிக்காரன். இங்கே வந்தபிறகு கல்லூரிக்குப் போய்வரவே நான்கு மணிநேரம். பகுதிநேர வேலைக்குப் போன இடத்தில் முகவரியைப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ராத்திரி திரும்பி வருகையில் இரண்டு தடவை போலீஸ் நிறுத்தி, பையைக் கொட்டிப் பார்த்தது. அவன் பேசுவது குறைந்தது. சிரிப்பது குறைந்தது. ஒரு வியாழக்கிழமை என்னைப் பார்க்க வந்தான். நான் ஆர்ப்பாட்டத்துக்குப் போஸ்டர் ஒட்ட ஆள் வருவானா என்று கேட்டேன். சரிண்ணா என்றான். ஞாயிற்றுக்கிழமை உயிரை விடப் பார்த்தான். பிழைத்துக்கொண்டான். இன்று வேலைக்குப் போகிறான். இதை எழுதலாமா என்று கேட்டு, அவன் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

மருத்துவமனை வராந்தாவில் அவன் அம்மாவின் பெரிய பயம் கேஸ் போடுவார்களோ என்பதுதான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, உயிரை விட முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குப் பராமரிப்பு தருவது அரசின் கடமை என்கிறது. களத்தில் இருக்கிற ஒவ்வொருவரும் இந்தப் பிரிவு எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். போலீஸிடம் சொல்ல வேண்டியிருக்கும். 14416, 104 என்ற இரண்டு உதவி எண்களையும் போனில் போட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

அமைப்பு அவனைக் கொல்லப் பார்த்தது என்பது உண்மை. வியாழக்கிழமை என் எதிரில் உட்கார்ந்திருந்தவனிடம், "தம்பி, நல்லா தூங்குறியா?" என்று நான் கேட்கவில்லை என்பதும் உண்மை. முதல் உண்மையை வைத்து இரண்டாவதை மறைக்க எனக்கு உரிமை கிடையாது. சாதி ஒழிகிறவரை அவன் தாக்குப்பிடிக்க வேண்டும் இல்லையா?

தோழருக்கு என் பதில் இதுதான். பெஞ்ச் கேட்பதும் புல்டோசரை நிறுத்தச் சொல்வதும் ஒரே கோரிக்கையின் இரண்டு பக்கம். நகர அரசாங்கம் செய்யக்கூடிய மனநலத் தடுப்பு வேலையில் பெரும்பகுதி ஆலோசனையே கிடையாது. குலுக்கல் போடும்போது தெரு தெருவாகச் சேர்த்து வீடு கொடுத்தால் என்ன செலவாகும்? ஒரு பைசா ஆகாது. அம்மாவின் ஆறு மாதத் தூக்கம் மிஞ்சியிருக்கும். பரீட்சை நேரத்தில் இடம் மாற்றக் கூடாது என்பதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டுமா? லிஃப்ட்டைப் பழுதுபார்ப்பது, தெருவிளக்கு எரிவது, பெண்கள் உட்கார ஒரு பூங்கா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பது எல்லாமே மனநலத் திட்டம்தான். 2025 ஆகஸ்ட்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குப் போனபோது ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்தார்களே நம் அக்காக்கள், அவர்களுக்கு நிரந்தர வேலைதான் முதல் மருந்து. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனாலும் யாராவது கேட்க வேண்டும். கேட்கிற ஆள் வேண்டும். அது மாநகராட்சியின் வேலையா என்று ஒரு அதிகாரி என்னிடம் கேட்டார். மனநலம் மாநில அரசின் விஷயமாயிற்றே என்றார். ஓரளவு சரி. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவு தடுப்புத் திட்டங்களைப் போடச் சொல்வது 'உரிய அரசு' என்று அது குறிப்பிடுகிற மத்திய, மாநில அரசுகளைத்தான். ஆனால் 74ஆவது திருத்தம் அரசமைப்பில் சேர்த்த 12ஆவது அட்டவணையை எடுத்துப் படியுங்கள். நகராட்சிகளுக்கு ஒப்படைக்கக்கூடிய 18 வேலைகள். பொதுச் சுகாதாரம் இருக்கிறது. குடிசைப் பகுதி மேம்பாடு இருக்கிறது. நகர்ப்புற வறுமை ஒழிப்பு இருக்கிறது. பூங்காவும் விளையாட்டுத் திடலும் இருக்கிறது. ஒன்பதாவதாக, நலிந்த பிரிவினரின் நலனைப் பாதுகாப்பது என்றே இருக்கிறது. இதற்கு மேல் என்ன எழுதித்தர வேண்டும்?

இன்னொரு விஷயம், இதை யாரும் பேசுவதில்லை. கண்ணகி நகர் 2011 வரை மாநகராட்சி எல்லைக்குள்ளேயே இல்லை. பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி கட்டி மக்களைக் கொண்டுபோய் விட்டபோது அது ஊராட்சி. நகரத்தைக் கூட்டிப் பெருக்கியவர்களை நகரத்துக்கு வெளியே வைத்தால், கவுன்சிலர் இல்லை, மேயர் இல்லை, நகர சுகாதார நிலையம் இல்லை. பழைய காலத்தில் ஊருக்கு வெளியே சேரி. எல்லைக்கோட்டை இப்போது வரைபடத்தில் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

ரிப்பன் மாளிகை நமக்கு அந்நியமான கட்டடமும் இல்லை. என். சிவராஜ் 1945இல் சென்னை மேயராக இருந்தவர். 2022இல் அந்த நாற்காலி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு ஆர். பிரியா மேயரானார். அதே வருஷம் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வந்தன. பகுதி சபைக்கு நம் பிள்ளைகள் போவதே இல்லை. போய் உட்காருங்கள். குப்பை, சாக்கடை பற்றிப் பேசி முடித்தபிறகு எழுந்து, இந்த வார்டில் மனசு விட்டுப் பேச மாநகராட்சி எத்தனை பேரை வைத்திருக்கிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள். முதல் தடவை சிரிப்பார்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

எழுதச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. 'தன்னார்வலர்' என்ற சொல் வந்தால் உடனே கையைத் தூக்குங்கள். நம் பெண்களை ஏற்கெனவே ஊக்கத்தொகை என்ற பெயரில் பாதிச் சம்பளத்துக்கு ஓடவிட்டிருக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் வந்தபோது வீட்டு வாசலில் பிரஷரும் சுகரும் பார்த்தது நல்ல காரியம்தான். அதே பையில் பதினான்கு கேள்வித் தாளும் இருக்கலாம். ஆனால் அதற்குத் தனியாகப் பயிற்சி, தனியாக நேரம், தனியாகச் சம்பளம், அவர்கள் கேட்டதைக் கொண்டுபோய் இறக்கிவைக்க ஒரு மருத்துவர் எல்லாம் வேண்டும். மற்றவர் துக்கத்தை நாள் முழுக்க வாங்கிக்கொள்கிறவள் அதை எங்கே கொட்டுவாள்? அதுவும் கூலி வேலைதான். மலம் அள்ளுவதைச் சேவை என்று சொல்லி ஏமாற்றியவர்கள் இதையும் சேவை என்பார்கள்.

இன்னும் ஒன்று. கேட்கிற ஆள் நம் குடியிருப்பிலிருந்தே வர வேண்டும். சாதி தெரியாதவர் முன்னால் மனசு திறக்காது என்பதல்ல நான் சொல்வது. "அங்கேயா?" என்று கேட்காத ஆள் வேண்டும்.

போன வாரம் டார்ச் அக்கா வந்தார். டிரம்மைப் பார்த்துவிட்டு அட்டையில் கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது. அம்மா பேனாவை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "துன்னியா?" என்றார். அந்த அக்கா இல்லையென்று தலையாட்டினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கிறார்களாம், இந்தத் தடவை இன்னும் பெயர் வரவில்லையாம். ஒரு நாளைக்கு எத்தனை வீடு என்று கணக்கு இருப்பதால் நிற்க நேரமில்லை என்றார். அம்மா அவரைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனார். ஆயா ஒரு தட்டில் மூன்று இட்லி வைத்துக் கொடுத்துவிட்டு, சாம்பார் ஊற்றிக்கொண்டே கேட்டார்: "எல்லாத்தையும் சொல்லாத. ஒண்ணே ஒண்ணு சொல்லு."

அன்று எங்கள் பிளாக்கில் ஏழு வீட்டு அட்டையில் கையெழுத்து விழவில்லை.